தையல்காரம்மாவின் சந்தேகம்

மகளின் வேலைச் சீருடையை இரண்டாவது தடவையாக இடுப்பில் பிரித்துவிடும்போது தையல்காரம்மாவின் கை சட்டென்று நின்றது. தோளில் தொளதொளவென்று தொங்கும் துணி, வயிற்றில் மட்டும் எப்படி இறுக்கும்? வாடிக்கைக்காரப் பெண்கள் வாய் திறப்பதற்கு முன்பே, அளவை வைத்து 'விசேஷத்தை'க் கண்டுபிடிப்பவர் என்று அவருக்குத் தெருவில் பெயர்.

“கடையில யாருகூடடீ பேசுற?”

“மூக்குக்கண்ணாடி வாங்க வர்றவங்ககூட.”

“நக்கலு வேறயா?”

அன்றிலிருந்து வேவு தொடங்கியது. மகளின் போன் அதிர்ந்தால் எட்டிப் பார்த்தார். அவள் பஸ் ஏறும்வரை தெருமுனையில் ஒளிந்து நின்றார். ஒருநாள் குளியலறைக் குப்பைக்கூடையில் நாப்கின்கள் குவிந்து கிடந்தன. மாதவிலக்குத் தேதியும் இல்லையே? நிம்மதி வரவில்லை, ‘மாத்திரை போட்டுக் கலைச்சிருக்கா’ என்று முடிவுகட்டினார்.

“நிக்கவே மாட்டேங்குதும்மா. டாக்டர்கிட்ட போலாமா?”

“ஊர் சிரிக்கவா? எவன்னு சொல்லு, அப்புறம் போலாம்.”

மகள் அம்மாவையே பார்த்தாள். அதன்பின் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனத்தையும் அம்மா ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை, மகள் அடிவயிற்றைப் பிடித்தபடி வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா டாக்டரின் காதருகே போய், “கலைச்சிருக்கா... வெளிய தெரிய வேண்டாம்” என்றார்.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கர்ப்பமும் இல்ல, கலைக்கவும் இல்ல. சினைப்பையில நீர்க்கட்டி. பெருசாகி முறுக்கிக்கிச்சு. நிறைய கட்டி தானாவே கரைஞ்சிடும். ஆனா வயிறு உப்பி, தேதியில்லாம ரத்தம் போனா உடனே காட்டணும். நீங்க கவனிக்கவே இல்லையா?”

“கவனிச்சேன்” என்றார் அம்மா. “வயித்த மட்டும்தான் கவனிச்சேன், அவள இல்ல.”

உடனே அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, ஒரு பக்கச் சினைப்பை போயிற்று. மயக்கம் தெளிந்ததும் மகள் கேட்டது ஒன்றே ஒன்று.

“இப்பவாவது நம்புறியாம்மா?”



வீடு திரும்பிய சில நாளில், அளவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

“பொண்ணுக்கு வயித்துல என்னமோ ஆபரேஷனாமே... என்னக்கா விஷயம்?”

“ஏன் ரகசியமா கேக்குற? சினைப்பையில கட்டி” என்றார் தையல்காரம்மா, தெருவுக்கே கேட்கும்படி. “ரத்தம் நிக்கலன்னு வாய்விட்டுச் சொன்னா. நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம துப்பறிஞ்சுகிட்டு இருந்தேன். உன் வீட்லயும் வயசுப்பொண்ணு இருக்கு. இப்படி ஏதாவதுன்னு அவ வந்து நின்னா, ‘யார் அவன்’னு கேக்காத. ‘எங்க வலிக்குது’ன்னு கேளு.”