பாப்பம்மாவின் வயது

"கொஞ்சம் நிமித்திப் புடிங்கம்மா, முதுகுல ஊத்தணும்" என்றாள் சிகப்பி.

அழகம்மா தங்கையின் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினாள். கனமே இல்லை. தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டுக்குப் பின்னால் நான்கு சேலைகளைக் கட்டி மறைத்து, பலகை போட்டுப் பாப்பம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். முழுக்க நரைத்த தலை அழகம்மாவின் மார்பில் சாய்ந்து கிடந்தது. கன்னங்கள் ஒட்டிப் போயிருந்தன. முன்பல் இரண்டு இல்லை. கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாய்த் தொங்கியது.

பக்கத்து வீட்டு சிகப்பி ரவிக்கையை அவிழ்த்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் தேய்க்கக் குனிந்த அழகம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ரவிக்கைக்குள் இருந்த முதுகில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெயில் படாத தோல் கழுத்துக்குக் கீழே, கோடு கிழித்தது போல் தொடங்கி, மாநிறமாய் வழவழவென்று இடுப்புவரை இறங்கியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஊத்து."

காலையில் பீடோங் கடைத்தெருவிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்த பெண்கள் அவள் உடம்பு அசையாமல் நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிட்டார்கள்.

பிறந்த வீட்டுக் கோடி போட அவளை விட்டால் ஆள் இல்லை. தங்கள் கடை அலமாரியிலிருந்து சிவப்புச் சேலையை எடுத்தபோது அவள் கணவர் சதாசிவம், "இது சின்ன வயசுக்காரங்க கட்டுறதாச்சே. கருநீலம் ஒண்ணு இருக்கே" என்றார். அவள் சிவப்பையே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இப்போது அந்தச் சிவப்பைப் பாப்பம்மாவுக்குச் சுற்றிவிட்டு, பொட்டு வைத்தார்கள். கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். காதில் விழுந்தும் அழகம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்தார். தோட்டத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தொப்பியைக் கழற்றாமல் பாப்பம்மாவின் முகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டே வாசித்தார்.

"பாப்பம்மா. புருசன் பரஞ்சோதி. காய்ச்சல். வயசு அறுவது."

"அறுவது இல்லீங்க" என்றாள் அழகம்மா. "முப்பத்தி நாலு."

கிராணி நிமிர்ந்தார். "நீங்க மகளா?"

"அக்கா."

அவர் அவளைப் பார்த்தார். காதில் கம்மல், கறுத்த கொண்டை, சதைப்பிடிப்பான கைகள். பிறகு கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார்.

இந்தப் பார்வை அழகம்மாவுக்குப் பழக்கம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளே அப்படித்தான் பார்த்தாள். கடை வாசலில் யாரோ கிழவி நிற்கிறாள் என்று சொன்னார்கள். ஒரு படி அரிசியை எடுத்து வந்து, "முந்தானைய விரிங்க பாட்டி" என்றாள். வந்தவள் விரித்தாள். அரிசி முழுவதும் விழுந்து முடிந்த பிறகுதான், "அக்கா, நாந்தான்" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று மத்தியானம் பாப்பம்மா நன்றாகச் சாப்பிட்டாள். முந்தானையில் முடிந்த அரிசியோடு சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்பினாள். அதன் பிறகு அவள் கடைப்பக்கம் வரவே இல்லை. அழகம்மாவும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை.

"கப்பல் ஏறுனப்ப எனக்குப் பத்து வயசு, அவளுக்கு ஆறு" என்றாள் கிராணியிடம். "எறங்குறப்ப நாந்தான் இடுப்புல தூக்கிட்டு எறங்குனேன். எனக்கு இப்ப முப்பத்தெட்டு."

கிராணி பரஞ்சோதியிடம் திரும்பினார். "என்னப்பா, நீ சொல்லு."

பரஞ்சோதி பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். அவனுக்கும் தலை வெளுத்திருந்தது. "கட்டிக்கிறப்ப சின்னப் புள்ளைங்கய்யா. அதுக்கப்புறம் நான் எண்ணல."

கிராணி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்கம்மா. அறுவதுன்னு இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முப்பத்தி நாலுன்னு போனா, ஏன் செத்தாள்னு தொர கேப்பாரு."

"கேக்கட்டும்."

"நாப்பத்தஞ்சுன்னு போடறேன். உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்."

"முப்பத்தி நாலு."

 அவர் புத்தகத்தையும் பென்சிலையும் அவளிடம் நீட்டினார். "அப்ப நீங்களே அடிச்சு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கேட்டா உங்க எழுத்தைத்தான் காட்டுவேன்."

அழகம்மா தன் மடியில் புத்தகத்தை வைத்து அறுபதை அடித்தாள். மேலே முப்பத்து நான்கு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினாள். கீழே, 'அக்காள் அழகம்மா'.  புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்கு முன்பே தூக்கிவிட்டார்கள். பெண்கள் லயத்து முனைவரை போய் நின்றார்கள். தப்புச் சத்தம் பால்மரங்களுக்குள் போய் மெல்லத் தேய்ந்தது. மற்றவர்கள் குளிக்கத் திரும்பினார்கள். சிகப்பி மட்டும் இரண்டு காலி வாளிகளோடு அங்கேயே நின்றாள். முகத்தைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

"அம்மா, பாப்பம்மாவுக்குக் கணக்குச் சொன்னீங்கல்ல. எனக்குச் சொல்ல முடியுமா?"

"எந்த வருசம் வந்த?"

"அதெல்லாம் தெரியாதும்மா. அப்பா அம்மா செத்துட்டாங்க." பாதையோரத்து முதல் நிரையைக் காட்டினாள். "இந்த மரம் நட்டது தெரியும். எனக்குக் குழி வெட்ட வலு இல்ல, கன்னு எடுத்துக் குடுத்தேன். அப்ப பெரிய மனுசியாகல. இந்தப் பலகையில நட்ட வருசம் போட்டிருக்குன்னு வேல வாங்குற தண்டல் சொல்வாரு."

நிரையின் தலைமாட்டில் ஒரு சின்னப் பலகை அடித்திருந்தது. வெள்ளைப் பூச்சு உரிந்து, எண் மட்டும் கறுப்பாய் நின்றது. அழகம்மா கிட்டப் போய்ப் படித்தாள். 1920. பதினேழு வருடம். விரலை மடக்கி மறுபடி எண்ணினாள்.

"பெரிய மனுசியாகலன்னா, பத்து இருக்குமா? பதினொண்ணா?"

"அவ்வளவுதான் இருக்கும்லா."

"அப்ப உனக்கு இருபத்தேழு. மிஞ்சிப் போனா இருபத்தெட்டு."

சிகப்பி பலகையைப் பார்த்தாள். அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். வெட்டு விழுந்த பக்கம் பட்டை முடிச்சு முடிச்சாய் வீங்கி ஆறியிருந்தது. உச்சியில் இலைகள் பச்சையாகவே அசைந்தன.

"அவ்வளவுதானா" என்றாள்.

 பிறகு அவள் குனிந்து வாளிகளை எடுத்தாள். "வாங்கக்கா, வீடு கழுவணும்."

ஒரு வாளியை அழகம்மா வாங்கிக்கொண்டாள். கிணற்றடிவரை இருவரும் வெயிலில் ஒன்றாக நடந்தார்கள்.