தாய்வீட்டுக் கிளை

பலெர்மோவில் பால்கனியில் பொமேலியா இல்லாத வீட்டை யாரும் வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் கள்ளிமந்தாரை என்கிறோமே, அதேதான். வெயில் நாட்டு மரம், தண்டெல்லாம் பாலும் நீரும். இந்தக் குளிரில் அதைத் தொட்டியில் வளர்த்து ஆளாக்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கபோ பகுதிப் பெண்களுக்கு அது உண்டு. மூன்றாம் மாடி நின்ஃபாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சும்மா சொல்லக் கூடாது, அவள் மரமும் அப்படிப்பட்ட மரம். முப்பத்தோராண்டுக்கு முன் அவள் கல்யாணத்தன்று அம்மா வெட்டிக் கொடுத்த ஒரு முழக் கிளை இன்று ஆள் உயரம், இருபத்தாறு நுனி. நவம்பரில் இலையெல்லாம் கொட்டிவிட்டு நான்கு மாதம் செத்த விறகாக நிற்கும். ஜூனில் பூத்தால் வாசனை கீழே ரொட்டிக்கடை வரை போகும். 

குளிர் நுனியைக் கருக்கிவிடாமலிருக்க ஒவ்வொரு நுனியிலும் ஒரு முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைப்பது ஊர் வழக்கம். இருபத்தாறு நுனிக்கு இருபத்தாறு முட்டை. அவற்றைத் தின்று தீர்ப்பது கணவன் கோசிமோவின் பொறுப்பு.

“மரத்துக்குக் குல்லா போட நான் எத்தனை ஆம்லெட்டுதான் திங்கறது? வயித்துக்குள்ள சேவல் கூவுது.”

“கூவட்டும். காலையில அலாரம் வைக்க வேண்டாம்.”

இந்த வருஷம் அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மே மாதம் மகள் மெலீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேலை தூரின் நகரத்தில், பனி கொட்டுகிற வடக்கில். மணப்பெண் தாய்வீட்டு மரத்திலிருந்து ஒரு கிளையோடு படியிறங்க வேண்டும், அதை அம்மாதான் கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளை வெறுங்கையோடு அனுப்பியதாக அர்த்தம். எந்தக் கிளை என்று போன கோடையிலேயே பார்த்து, கண் படாமலிருக்கச் சிவப்பு நாடா கட்டிவைத்திருந்தாள்.

ஜனவரியில் மலையில் பனி விழுகிறது என்று ரேடியோ சொன்னதும் நின்ஃபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோசிமோவை விட்டுத் தொட்டியை இழுக்கவைத்து, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஓடுகளை எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாள். பலெர்மோப் பெண் மார்ச்சுக்கு முன் ஓட்டை எடுப்பாளா?

வெளியே குளிருக்குக் காப்பான ஓடு, உள்ளே அடுப்புச் சூட்டில் நுனியைப் புழுங்க வைத்துவிட்டது. மார்ச் முதல் வாரம் ஒவ்வொன்றாக எடுத்தபோது அடியிலெல்லாம் கறுத்துக் கொழகொழத்திருந்தது. கத்தியை எடுத்து வெட்டினாள். வெட்டினால் பால் வடிய வேண்டும், வடிந்ததோ பழுப்புத் தண்ணீர். இன்னும் கீழே வெட்டினாள். சிவப்பு நாடா கட்டிய கிளையும் விழுந்தது. மண்மட்டம் வரை வெட்டியும் பாலைக் காணோம். தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று தொட்டியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

“நர்சரியில ஒண்ணு வாங்கிக்கலாம்மா. பூ பூதானே?” என்றாள் மெலீனா.

“அப்படியே அம்மாவையும் அங்கயே வாங்கிக்கோ.”

அந்த மரத்தின் வாரிசு ஊரில் இன்னொன்று உண்டு. எங்கோ இல்லை, நேர் கீழே, இரண்டாம் மாடியில், கோசிமோவின் தங்கை அகாத்தாவின் பால்கனியில். அம்மா இல்லாத அவளுக்கு, கல்யாணத்தின்போது நின்ஃபா கொடுத்த கிளைதான். ஆனால் இருவருக்கும் பேச்சு அற்று ஒன்பது வருஷமாகிறது. நின்ஃபா தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர் அகாத்தா காயப்போட்ட வெள்ளை மேஜைவிரிப்பில் சொட்டியதில் ஆரம்பித்த சண்டை. துணியோடு நின்றிருந்தால் தீர்ந்திருக்கும். நின்ஃபாதான், “புள்ள பெத்த வீட்டுல துணி அழுக்காகத்தான் செய்யும், உனக்கெங்க தெரியப்போவுது,” என்று தெருவே கேட்கச் சொன்னாள். அகாத்தாவுக்குக் குழந்தை இல்லை.

படியிறங்க நின்ஃபாவுக்குக் கால் வரவில்லை. அதனால் காய்கறி ஏற்றும் கூடையைக் கயிற்றில் கட்டி, அழுகிய கிளைத் துண்டு ஒன்றைப் போட்டு, கீழே இறக்கினாள். கூடை இரண்டாம் மாடிக் கம்பியோரம் நின்றது.  பிறகு ஒரு கை துண்டை எடுத்தது.

“அடுப்புக்கிட்ட வெச்சியா?” அகாத்தாவின் குரல் வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை.

“வெச்சேன்.”

“ஓட்டோடயா?”

“...ஓட்டோடதான்.”

“கம்பளிச் சட்டை மாட்டி அடுப்புமேல உக்கார வெச்சா யாருதான் பொழைப்பா? முப்பது வருஷமா மரம் வளக்கறாளாம்!”

நின்ஃபாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டாள். “மெலீனாவுக்கு ஒரு கிளை வேணும்.”

கயிறு கீழிருந்து ஒருமுறை இழுபட்டது. பிறகு, “தரேன். ஆனா அவ கையில நான்தான் குடுப்பேன், நீ இல்ல.”

கூடை வெறுமையாக மேலே வந்தது.

“அது அம்மாவோட உரிமை! அதையும் பிடுங்கிக்கப் பாக்கறா!” என்று நின்ஃபா இரண்டு நாள் வீட்டில் சட்டி பானையை உருட்டினாள். மூன்றாம் நாள் கோசிமோ பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “அன்னிக்கு வார்த்தைய விட்டது நீதானே, நின்ஃபா,” என்றான். அவன் எப்போதும் இருவருக்கும் நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாத ஆள். அதனால் அது சுருக்கென்று தைத்தது.

நாளும் இல்லை. துளிர் விடுமுன் வெட்டினால்தான் கிளை பிழைக்கும். வெட்டியதை இரண்டு வாரம் நிழலில் காயவைத்து மண்ணில் வைக்க வேண்டும். நின்ஃபா கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். அகாத்தா ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு நுனியையும் ஈரத்துணியால் ஒற்றி, மரத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நுனிகூடக் கருகவில்லை. திறந்தவெளியில், அதே பனியில் நின்ற மரம்! பொறாமைப்பட வேண்டிய நின்ஃபா, அவளையறியாமல் சிரித்துவிட்டாள். என்ன கை அது என்று தோன்றியது. அந்தக் கை இருபது வருஷமாக இந்த மரத்தை வளர்த்திருக்கிறது, ஒரு கிளை கொடுக்க அதற்கு ஆள் இல்லை.

இருபத்திரண்டு படி இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள்.

“அன்னிக்கு நான் சொன்னது பாவம், அகாத்தா. என் வாயில புழு விழ.”

அகாத்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “புழு எதுக்கு? காப்பி இருக்கு, வாங்கண்ணி.”

“கிளைய நீயே குடு அவகிட்ட.”

அகாத்தா கத்தியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ஓரத்துக் கிளையை வெட்டுவாள் என்று நினைத்தாள் நின்ஃபா. அகாத்தா நடுக்கிளையில், மூன்று நுனியாகப் பிரிந்த இடத்துக்குக் கீழே கத்தியை வைத்தாள். வெள்ளை வெளேரென்று பால் கொட்டியது. நின்ஃபா தன் கவுனின் நுனியைக் கொண்டே அதைத் துடைத்தாள்.

மே மாதம் கல்யாணத்துக்குள் கிளை சின்னத் தொட்டியில் வேர் பிடித்து, நான்கு இலையும் விட்டுவிட்டது. அன்று காலை மெலீனா வெள்ளை உடுப்பில் படிக்கட்டில் நின்றாள். சொந்தக்காரர்களெல்லாம் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அகாத்தா இரண்டாம் மாடி வாசலில் தொட்டியோடு காத்திருந்தாள்.

“அங்க அக்டோபர் வந்தா உள்ள தூக்கிடணும், தெரியுதா?” என்றாள் மெலீனாவிடம். “குளுந்த அறையா பாத்து வை. மார்ச் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டாதே. செத்த மாதிரி நிக்கும், நம்பிடாதே. உள்ள இருக்கறப்ப ஓடு கூடாது. கூடவே கூடாது.”

“சரி அத்த.”

எல்லாரும் நின்ஃபாவைப் பார்த்தார்கள். அம்மா இருக்கும்போது அத்தை கொடுப்பதை அந்தத் தெரு இதுவரை பார்த்ததில்லை. நின்ஃபா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வாங்கிக்கோடி, அத்த நிக்கறா பாரு,” என்றாள்.

அகாத்தா தொட்டியை நீட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். நின்ஃபாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணி, கனமா இருக்கு,” என்றாள். “நீங்களும் ஒரு கை புடிங்க.”

அது ஒரு சின்னத் தொட்டி. ஒரு குழந்தைகூட ஒற்றைக் கையால் தூக்கிவிடும். நின்ஃபா இரண்டு கையாலும் பிடித்தாள்.