வளராத தட்டுகள்

எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு சேரும் என்று மரபணு வரிசையை வைத்துச் சொல்லும் புரோகிராமை எழுதியவனை ஆய்வகத்தில் எல்லோரும் 'தரகர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜோடி சொல்வது அவன் வேலை. அது உண்மையிலேயே சேர்கிறதா என்று பார்ப்பது, கூட வேலை பார்க்கும் மூத்தவரான அக்காவின் வேலை. இரண்டு புரதங்களையும் ஒரே ஈஸ்ட் செல்லுக்குள் வைப்பார். அவை சேர்ந்தால் தட்டில் ஈஸ்ட் வளரும். சேராவிட்டால் தட்டு மொட்டையாகக் கிடக்கும்.

குளிர்காலம் முழுக்கத் தட்டுகள் மொட்டையாகவே கிடந்தன.

"என்ன தரகரே, பொண்ணும் வேணாங்குது, மாப்பிள்ளையும் வேணாங்குறான்," என்பார் அக்கா. முதலில் அதில் சிரிப்பு இருந்தது. இப்போதெல்லாம் கட்டைவிரலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்கிறார். நாளெல்லாம் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பிப்பெட்டை அழுத்தி அழுத்தி அது மடங்க மறுக்கிறது.

அன்று காலை அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒவ்வொரு புரதத்தின் வரிசையையும் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துகளைப் போட்டு, புரோகிராமுக்கு முதலிலிருந்து பாடம் நடத்தினான். தேர்வில் அதன் மதிப்பெண் தரையைத் தொட்டிருக்க வேண்டும். இறங்கவே இல்லை. கண் எரிய எரிய இன்னொரு முறை ஓட்டினான். அதே மதிப்பெண்.

அப்போதுதான் புரிந்தது. பாடத்துக்குக் கொடுத்த ஜோடிகளில் சில புரதங்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. 'இது எல்லோரோடும் ஒட்டுகிற ஆசாமி' என்று அவற்றைப் புரோகிராம் மனப்பாடம் செய்துவிட்டது. தேர்வுக்கு அவன் ஒதுக்கிவைத்த ஜோடிகளிலும் அதே ஆசாமிகள்தான். அதனால்தான் தேறியது. வரிசையை அது படிக்கவே இல்லை.

நாற்காலியில் சாய்ந்தான். தன்மீது கோபப்படக்கூடத் தெம்பில்லை. வீட்டில் கைக்குழந்தை இரவெல்லாம் அழுகிறது. யாரை வைத்துக்கொள்வது என்று மதியம் ஆய்வகத் தலைவரான மேடம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறார். அவன், அக்கா இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வேலை நீட்டிப்பு. அக்காவின் கை தளர்ந்துவிட்டது என்று மேடம் முடிவுகட்டிவிட்டதாகப் பேச்சு. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கடவுளே, இது வேறு யாருடைய தப்பாகவாவது இருக்கக் கூடாதா என்று வேண்டினான். அந்த மாதிரி வேண்டுதலுக்குப் பதில் வருவதில்லை. அக்காதான் வந்தார்.

"பிள்ளை தூங்குச்சா?"

"இல்லக்கா."

"நீயும் தூங்கல. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மேடம் கேட்டாங்க தம்பி, நீ குடுக்குற ஜோடியில தப்பு இருக்குமான்னு. அவன் கணக்கு சரியாத்தான் இருக்கும், என் கைதான் முன்ன மாதிரி இல்லன்னு சொல்லிட்டேன். நீ பயப்படாம இரு."

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"எங்க வீட்டுல அவருக்கு வேலை இருக்கு. உன் வீட்டுல பால்குடி இருக்கு. இதுல யோசிக்க என்ன கெடக்கு?"

அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எல்லாத் தட்டுலயும் ஓரத்துல, கண்டிப்பாச் சேரும்னு தெரிஞ்ச ஜோடி ஒண்ணு வைப்பீங்களே. அது வளந்துச்சா?"

"அது ஒரு தடவகூடத் தவறுனதில்ல. ஏன்?"

எழுந்து மேடம் அறைக்குப் போனான்.

நடந்ததைச் சொன்னான். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத அறிக்கை போனப்புறம் நாளைக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாளைக்குன்னா அக்கா இருக்க மாட்டாங்க மேடம்."

மேடம் அறிக்கையை ஓரமாக நகர்த்தி வைத்தார். அவன் தொடர்ந்தான். "அவங்க கையில கோளாறு இல்ல. தெரிஞ்ச ஜோடி ஒவ்வொரு தடவையும் வளந்திருக்கு. அப்படின்னா வளராத தட்டும் சரியான பதில்தான். சேராத ஜோடி எதுன்னு யாரும் இவ்வளவு பொறுமையாப் பாத்து வெச்சதில்ல. புரோகிராமுக்குத் திரும்பப் பாடம் நடத்தணும்னா அதுதான் முதல்ல வேணும்."

"நடத்த நீங்க இருக்கணுமே," என்றார் மேடம் மெதுவாக. "எங்கிட்ட ஒரு இடம்தான் இருக்கு."

"தெரியும் மேடம்."

"அவங்களையே வெச்சுக்கிறேன். உங்களுக்கு அடுத்த மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால இழுக்க முடியும். அதுக்குள்ள வேற எங்கயாவது கேட்டுப் பாக்குறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது."

திரும்பி நடக்கையில் வராந்தா நீளமாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னதால் உடம்பு லேசாகிவிடவில்லை. ஆனாலும் அக்காவின் முகத்தை இப்போது பார்க்க முடிந்தது.

விஷயத்தைக் கேட்டு அக்கா திட்டினார். "புத்தி இருக்கா உனக்கு? நான்தான் சொல்லிவெச்சேன்ல?"

"நீங்க சொன்னது பொய்க்கா."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன்." கையுறையை உருவிக் குப்பையில் போட்டார். "வீட்டுல சொல்லிட்டியா?"

"இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். "போனப் போடு. பேச்சு வரலன்னா எங்கிட்டக் குடு."