ஹாய்ட்டின் கிட்டாரில் இல்லாத இரண்டு சாமான்

கிட்டார் பெட்டியைத் திறந்ததும் கடைக்காரன் கார்லண்ட் செய்த முதல் காரியம், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்ததுதான். வெண்டலுக்கு அங்கேயே குமட்டியது. ஹாய்ட்டைப் புதைத்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அவன் வியர்வையும் சிகரெட்டும் இன்னும் அந்த வெல்வெட்டில் இருந்தன. அதை இவன் மீன் வாங்க வந்தவன் மாதிரி மோந்து பார்க்கிறான்.

“அம்பத்தாறுல வந்த பெட்டிதான். வாசனை பொய் சொல்லாது” என்றான் கார்லண்ட்.

அவன் கீழுதட்டுக்குள் எப்போதும் ஒரு உருண்டை புகையிலை இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை காலி சோடா பாட்டிலை எடுத்துப் பழுப்புச் சாற்றை அதில் துப்பிவிட்டு, கிட்டாருக்குப் பக்கத்திலேயே வைப்பான். பாட்டில் பாதி நிறைந்திருந்தது. தல்சா ஊரில் பழைய கிட்டார் விற்கப் போகிறவர்கள் எல்லோரும் இந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். என்ன பிழைப்போ.

ஹாய்ட்டின் மனைவி நீட்டா, கைப்பையை மடியில் வைத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏப்ரலில் பெய்த ஆலங்கட்டி அவள் வீட்டுக் கூரையைச் சல்லடையாக்கிவிட்டது. ஹாய்ட்டின் வைத்தியச் செலவில் வீட்டுக் காப்பீட்டைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். இப்போது மேலே ஒரு நீலத் தார்ப்பாய், கீழே படுக்கையறையில் மூன்று வாளி. கூரைக்காரன் பதினாலாயிரம் டாலர் கேட்கிறான். அவளிடம் விற்கிற மாதிரி இருந்தது இந்தக் கிட்டார் ஒன்றுதான்.

“அவன் என்னை ஏமாத்திடுவான். நீ கூட வா” என்று அவள்தான் வெண்டலை அழைத்து வந்தாள். நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் கிட்டாரைப் பழுது பார்த்தவர் வெண்டல். அவரைவிட யாருக்கு அதைத் தெரியும்?

கார்லண்ட் ஜன்னல் திரையை இறக்கிவிட்டு ஊதா விளக்கை ஏற்றினான். புதிதாகப் பூசிய வண்ணம் எங்காவது இருந்தால் அந்த வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும். ஹாய்ட்டின் முழங்கை தேய்த்த இடம், பெல்ட் கொக்கி கீறிய முதுகு, எல்லாவற்றின் மேலும் விளக்கு மெதுவாக ஊர்ந்தது.

“அசல் வண்ணம், யாரும் தொடல. இந்தக் கீறலெல்லாம் காசு மேடம். உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் தேய்ச்சிருக்காரு.”

“அவர் வாசிச்சார். தேய்க்கல” என்றாள் நீட்டா.

அவன் சிரித்துக்கொண்டே நாலு திருகாணியைக் கழற்றி முகப்புத் தகட்டைத் தூக்கினான். தந்திக்கு அடியில் இருந்து ஒலியை வாங்குகிற இரண்டு காந்தச் சுருள்கள், பிக்கப் என்பார்களே, அவையும் கூடவே மேலே வந்தன. திருப்பிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

“அடடா. இது அசல் இல்லையே. யாரோ மாத்தியிருக்கான்.” சொல்லிவிட்டு வெண்டலைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தான். 

“எல்லாம் அசலா இருந்தா இருபத்தி நாலாயிரம் மேடம். பிக்கப் ரெண்டும் போனதால பன்னெண்டு. தந்தி முறுக்குற ஆணி ஒண்ணு வேற மாத்தியிருக்கு, பதினொண்ணு. அது நான் விக்கிற விலை. வாங்குறது அதுல அறுபது சதவீதம். ஆறாயிரத்து அறநூறு. நான் இட்டுக்கட்டிச் சொல்லல, எந்தக் கடையிலயும் இதான் கணக்கு. வேணும்னா பெருசைக் கேளுங்க.”

நீட்டா எழுந்தாள். “கழிப்பறை எங்க?” என்று கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். 

கதவு மூடியதும் கார்லண்ட் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தான். உள்ளே இரண்டு பழைய பிக்கப். அவற்றைச் சுற்றி ஒட்டுக் காகிதம். அதன்மேல் பென்சிலில், வெண்டலின் கையெழுத்தில்: ‘ஹாய்ட், 79.’

“விக்கவே இல்ல பெருசு. கிட்டார் என்னைக்காவது வராமலா போகும்னு பத்து வருஷமா வச்சிருக்கேன். அவரை ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கன்னு கேட்டப்பவே இதை மாட்ட சுவத்துல ஒரு கொக்கி அடிச்சு வச்சேன்.” துப்பினான். “விலை சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லு. உனக்கு ஆயிரம்.”

எழவு வீட்டு வாசலில் காத்திருக்கிற கழுகுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் கழுகுக்கு வாசலைக் காட்டிக் கொடுத்தது யார்?

எழுபத்தொன்பதில் எல்லோருக்கும் பெரிய சத்தம் வேண்டியிருந்தது. ஹாய்ட்டும் கேட்டான், வெண்டல் புதிய பிக்கப் போட்டுக் கொடுத்தார். கழற்றின சாமான் ரிப்பேர்காரனுக்கு என்பது அந்தக் காலத்து வழக்கம். யாரும் கேட்டதுமில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. காப்பி டப்பாவில் போட்டார். அதுவரை குற்றமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் கார்லண்ட் வந்து டப்பாவைக் கிளறினபோது, வெண்டலின் வண்டியில் கியர் பெட்டி உடைந்து கிடந்தது, கையில் காசில்லை. ஆயிரத்து எண்ணூறு டாலருக்கு அந்தப் பிக்கப் இரண்டையும் கொடுத்தபோது ஹாய்ட் உயிரோடுதான் இருந்தான். வியாழக்கிழமைதோறும் படைவீரர் மன்றத்தில் இதே கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தான். கார்லண்டை அருவருப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த வெண்டலுக்கு இப்போது தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நீட்டா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கார்லண்ட் அட்டைப்பெட்டியைச் சட்டென்று மூடினான்.

“சொல்லு வெண்டல். நியாயமான விலைதானா? நீ சரின்னா கொடுத்துடுறேன்.”

கூரை நீலத் தார்ப்பாயோடு நிற்பதும் நிற்காததும் இந்த ஒரு வார்த்தையில் இருந்தது. 

“கணக்கு சரி. விலை சரியில்ல” என்றார். “அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பாரு.”

“பெருசு” என்றான் கார்லண்ட் தணிந்த குரலில்.

நீட்டா திறந்தாள். பென்சில் எழுத்தைப் படித்தாள். அந்த எழுத்து அவளுக்குத் தெரியும். நாற்பத்தைந்து வருஷத்து ரிப்பேர் ரசீதுகளில் பார்த்த எழுத்து.

“எவ்வளவுக்கு வித்தே?”

“ஆயிரத்து எண்ணூறு.”

அவள் கத்தியிருந்தால் வெண்டல் தாங்கியிருப்பார். அவள் கத்தவில்லை.

“அவர் உன்கிட்ட கேட்டாரு. ரெண்டு தடவை. ‘பழைய சத்தம் வரமாட்டேங்குது வெண்டல், அந்தப் பழசு ரெண்டும் இருக்கா’ன்னு. நான் கார்லதான் உக்காந்திருந்தேன். அப்பவே குப்பையில போட்டுட்டேன்னு சொன்னே. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம், ‘போகட்டும், அவன் என்ன பண்ணுவான்’னு உனக்காகப் பேசிட்டு வந்தாரு.”

 

“இந்த ரெண்டும் என்ன விலை?” என்று நீட்டா கார்லண்டைக் கேட்டாள்.

“அஞ்சாயிரத்து ஐநூறு. ஆனா மேடம், மொத்தமா நானே எடுத்துக்கிட்டா—”

“உனக்கு விக்கல. ஓக்லஹோமா சிட்டியில கடை இருக்கு.” கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். வெண்டல் தூக்கக் கை நீட்டினார். அவள் பெட்டியை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். “அது ரெண்டையும் வாங்கி என் வீட்டு வாசல்ல வச்சிட்டுப் போ. கதவைத் தட்டாதே.”

வெண்டலின் வங்கிக் கணக்கில் தொள்ளாயிரம் டாலர் இருந்தது. அன்று மத்தியானமே அவர் அதே கடைக்குத் திரும்பி வந்தார். கையில் அவருடைய சொந்தக் கிட்டார், அறுபத்திரண்டில் வந்தது. அவருடைய பத்தொன்பதாவது வயதில் அண்ணன் கொடுத்தது. அந்த இரண்டு பிக்கப்புக்கும் ஈடாக அதை மேஜைமேல், பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கார்லண்ட் திரையை இறக்கினான். பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்தான். வெண்டல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் அசல்தானே பெருசு? யாரும் கை வைக்கலையே?”

“என் கை மட்டும்தான் பட்டிருக்கு” என்றார் வெண்டல்.