மூடாத பக்கம்

எங்கள் கம்பெனியின் நோயாளிப் பதிவு மென்பொருள் வேகமானது என்று நான் எழுதிய அறிக்கையைக் காட்டித்தான் அக்காவின் கை மெதுவானது என்று முடிவு கட்டினார்கள். மருத்துவமனையில் மதியத்துக்கு மேல் அவள் கவுண்டரில் மட்டும் வரிசை வாசலைத் தாண்டுகிறதாம். திங்கட்கிழமையிலிருந்து கோப்பு அறைக்கு மாற்றல்.

"சாப்பாட்டு நேரம் தாண்டுனா திரை சிக்குதுடீ" என்று போன மாதம் ஒருமுறை சொன்னாள். அறிக்கை வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த அறிக்கைக்காக நான் எழுதிய ஸ்கிரிப்ட், தானாக ஓடும் சோதனை நிரல், 'பதிவு செய்' பொத்தானை ஐந்நூறு முறை அழுத்தி, திரை அசைய எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். ஒருமுறைகூட விநாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அக்காவும் கதை விடுகிற ரகமில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? மண்டை குடைந்தது. வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, மருத்துவமனை மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

காலையில் எல்லாம் பறந்தது. பதினோரு மணிக்கு மற்ற கவுண்டர்காரர்கள் பிரவுசரை மூடிவிட்டு டீக்குப் போனார்கள். அக்கா அசையவில்லை. மூன்று மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். திரை கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

"இந்தப் பக்கத்த எப்பக்கா திறந்தே?"

"எட்டு மணிக்கு. மூடித் திறக்கிற நேரத்துல ரெண்டு பேர அனுப்பிடலாமே."

எனக்குப் பொறி தட்டியது. என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாக ஒரு பிரவுசரைத் திறந்து, அளந்து, மூடிவிடும். அதுதான் சுத்தமான சோதனை என்று எனக்கு ஒரே பெருமை. நாள் முழுக்க மூடாமல் வேலை செய்கிறவள் ஒருத்தி இருப்பாள் என்று தோன்றவேயில்லை.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, மூடுகிற வரியை அழித்துவிட்டு, சோதனைத் தளத்தில் ஒரே பக்கத்தில் முந்நூறு பதிவுகளை ஓடவிட்டேன். நூறாவதில் ஒரு விநாடி. முந்நூறாவதில் நான்கு. முடிந்துபோன பதிவுகளையெல்லாம் அந்தப் பக்கம் மூடும்வரை தன் நினைவகத்தில் பிடித்து வைத்திருந்தது; அந்தச் சுமையில்தான் திரை சிக்கியது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் குதிக்காத குறை.

மேற்பார்வையாளர் எண்களை இரண்டு தரம் பார்த்தார். "மாத்தல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அக்கா லேப்டாப்பில் அந்த நான்கு விநாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எழுதினதாச்சே, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். என் கைதான் மக்கர் பண்ணுதுன்னு ஒரு மாசமா வீட்ல பழைய கீபோர்ட வெச்சு டைப் அடிச்சுப் பழகிட்டிருக்கேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.