வடிகால் பள்ளத்தில் கல்லா மண்ணா

கோபாலபுரத்தில் மண்ணைப் பார்த்தே முப்பது வருஷம் இருக்கும். எறும்புகூட இங்கே டைல்ஸ் மேல்தான் குடித்தனம் நடத்துகிறது. மழைநீர் வடிகாலுக்காக எங்கள் தெருவைப் பிளந்தார்கள் பாருங்கள், பாதாளமே தெரிந்தது. சரி, முட்டியளவு ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் நானும் அப்துல் சமதும் இந்தப் பக்கம் கருங்கல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் அவன் வீடு, உள்ளே அவன் மனைவி ஜஹீதா. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையைக் காணோம்.

"எவன்டா பலகைய தூக்கினு போனான்? ஜஹீதா கஞ்சிய வெச்சிக்கினு உக்காந்துகினு கீதுடா!"

"எறங்கி ஏறு. இதுக்கு ஏரோப்ளேனா வரும்?"

அவன் காலை நீட்டினான். பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையன் குரல் கேட்டது.

"கல்லா? மண்ணா?"

உள்ளே யாரும் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த குரல். சைஃப்.

சின்ன வயதில் இதே தெருவில் ஆடிய ஆட்டம். கல்மேல் நின்றால் பத்திரம். மண்ணில் கால் வைத்தால் டென் ஆனவன், அதாவது துரத்துகிறவன், தொடலாம். தொடப்பட்டவன் அடுத்த டென். நான் ஓடினால் என் நிழல் ஆட்டோ பிடித்துத்தான் வந்து சேரும். சைஃப் எங்களைத் தொட்டதே இல்லை. டென்னாகவே ஒருநாள் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனான். திரும்பி வரவில்லை.

"கேட்டுச்சாடா சமது?"

"கேக்கல." நீட்டிய காலை இழுத்துக்கொண்டான். "எறங்கினா தொட்ருவான் நைனா. நான் ஊட்டுக்குப் போவணும்டா."

"நான் எறங்கி ஆட்டம் காட்டறேன். அவன் என்னைத் துரத்தறப்ப நீ ஓடிடு."

"புது முட்டி வெச்ச டாக்டர் உன்னை அடிப்பாருடா!"

குதித்தேன். மண் ஐஸாகச் சில்லிட்டது. "உன் மண்ணைத் தொட்டேன்! இன்னா பண்ணுவே?" என்று பாடிக்கொண்டே பறந்தேன். திரும்பிப் பார்த்தால், ஈரமண்ணில் சின்னச் சின்னக் காலடிகள் தாமாகவே பதிந்துகொண்டு வந்தன.

சமது கைலியைத் தூக்கிக்கொண்டு கடந்து, வீட்டு வாசற்படியில் ஏறிவிட்டான். பாங்கு ஒலித்தது. அந்த நொடி என் முதுகில் ஒரு குட்டி உள்ளங்கை பட்டது. சில்லென்று.

நிமிர்ந்தேன். வாசற்படியில் சமதுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் கட்டம் போட்ட சட்டை, என் கண்ணாடி, என் வழுக்கை.

"இந்தா புகழேந்தி, குடி. என்னா ஓட்டம்டா மச்சி!" சமது கஞ்சியை நீட்டினான். அது இரண்டு கையாலும் வாங்கி, கிண்ணத்தின் விளிம்பு வரை நக்கிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

"டேய் சமது, அது நான் இல்லடா!"

கத்தினேன். வந்தது பையன் குரல். சமது பள்ளத்தைப் பார்த்தான். என் கையைப் பிடித்து, அதாவது அதன் கையைப் பிடித்து, அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

போகட்டும். முட்டி வலி சுத்தமாகப் போய்விட்டது. வியாழக்கிழமை காங்கிரீட் போடுகிறார்களாம். அதற்குள் நீங்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், இறங்கித்தான் கடக்க வேண்டும். பலகையை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.