சுமியின் நிழல் சாப்பிட்ட வீடு

அரிமுரா வீட்டுப் பூனை சாப்பிடுவதை நிறுத்திய ஆறாம் நாள், அதன் நிழல் மட்டும் மதில் தாண்டிப் போய், மூன்று தெரு தள்ளியிருந்த ஷிகேயின் வீட்டில் காலை உணவு சாப்பிட்டது. அன்று தெற்குக் காற்று. துறையில் சூரை மீன் விலை சற்று இறங்கியிருந்தது. ஷிகேயின் தட்டில் மீன் அப்படியே இருந்தது. அந்த மீனின் நிழல்தான் வால்வரை குறைந்துபோயிருந்தது.

அரிமுரா வீட்டார் நான்கு தலைமுறையாகச் சூரை மீனை வேகவைத்து, புகையில் உலர்த்தி மாசிக்கருவாடு செய்கிறவர்கள். எங்கள் ஊரில் கெட்ட மீனைப் பூனை தாண்டிப் போகும் மீன் என்போம்; அதைவிடப் பெரிய வசை இல்லை. அதனால் வீட்டுத் தலைவர் கென்சோ, சுமி என்ற அந்தக் கறுப்புப் பூனை நோயில் கிடப்பதை வெளியே சொல்லவில்லை. புகையறையைக் கழுவச் செய்தார், விறகை மாற்றினார், கிடங்கிலிருந்த கருவாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். அவர் மனைவி தோமி சீவிய மாசியும் பச்சை மத்தியும் முட்டைக் கஞ்சியும் வைத்தாள். சுமி முகர்ந்து, வாயைக் கொண்டுபோய், எச்சில் வழியத் திரும்பிக்கொண்டது. கஞ்சித் தண்ணீரை மட்டும் நக்கியது. பூனை நக்கியதுபோல ஒரு தட்டைத் துடைத்து, தினமும் வாசலில் வைக்கும்படி கென்சோ உத்தரவிட்டார். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது. அந்த நாட்களில் பூனையின் வாயைத் திறந்து பார்க்க வேண்டுமென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஷிகே இருபத்திரண்டு வருடம் அவர்கள் பட்டறையில், வேகவைத்த மீன் துண்டுகளிலிருந்து முள்வாங்கியால் முள் எடுத்தவள். போன இலையுதிர் காலத்தில், இல்லாத முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்குகிறாள் என்று எல்லோர் முன்னிலையிலும் கென்சோ அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். அவள் பட்டறை மேலங்கியைக் கழற்றி, மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

நிழலை ஊரே பார்த்தது. அரிமுரா மீன் அந்த வீட்டுப் பூனைக்கே இறங்கலையாம், நிழலை அனுப்பிப் பிச்சை எடுக்குதாம் என்று பொதுக் குளியல் கூடத்தில் கென்சோவின் காதுபடவே பேசினார்கள். பதினோராம் நாள் சுமியால் எழுந்து நிற்க முடியவில்லை.

"என்னங்க, பேரைக் காப்பாத்திட்டுப் பூனையைப் புதைக்கப் போறீங்களா?" என்றாள் தோமி.

காலை பத்து மணிக்கு, கடைகளெல்லாம் திறந்திருக்கும் நேரத்தில், கென்சோ பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு பெரிய தெரு வழியாக ஷிகேயின் வீட்டுக்கு நடந்து போனார். ஷிகே அவரை உள்ளே கூப்பிடவில்லை. கையை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கி, பூனையைத் துண்டில் சுற்றி, வாயை வெயிலுக்கு நேரே திறந்தாள். கடைவாய் ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. முள்வாங்கி ஒரே முறைதான் உள்ளே போனது. வந்தது விரல் நீளச் சூரை முள், வேகவைத்ததில் பழுப்பேறியது. அப்படிப்பட்ட முள் ஊரில் ஒரே பட்டறையிலிருந்துதான் வர முடியும்.

"இல்லாத முள்ளுன்னு சொன்னீங்களே முதலாளி. கையை நீட்டுங்க, பிடிச்சுக்குங்க."

கென்சோ வாங்கிக்கொண்டார். பிறகு தெருவிலேயே மண்டியிட்டு, நெற்றி மண்ணில் படக் குனிந்தார். "தப்பு என்னோடது. மறுபடி வேலைக்கு வாங்க," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எதிர்க்கடைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"வரலை முதலாளி. இங்க ஒரு ஆளுக்குத் தினம் சோறு போட வேண்டியிருக்கு," என்றாள் ஷிகே. நிழல் அவள் அடுப்படியில் சுருண்டு படுத்திருந்தது.

அந்த வருடத்துச் சரக்கு முழுவதையும் கென்சோ திரும்ப வரவழைத்து முள் பார்க்க வைத்தார். ஈறு வீக்கம் வற்றிய மூன்றாம் நாள், தோமியின் விரலிலிருந்து சுமி மீன் கஞ்சி நக்கியது. பத்தாம் நாள் தானே சாப்பிட்டது. அதன் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தது. நிழலைத் திருப்பிக் கேட்கும் முகம் கென்சோவுக்கு இல்லை, கேட்கவுமில்லை. மதியத்தில் சுமி முற்றத்தைக் கடக்கும்போது தரையில் வெயில் மட்டுமே இருக்கும். நிழல் எங்கே என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்டால், அது ஷிகே வீட்டில் இருக்கிறது என்பார்கள் பழைய ஆட்கள். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு முள் பார்க்க உட்காருவார்கள்.